முற்றத்தில் நின்று பார்த்த யூலியஸ் சீசர்

ஹரோ, லண்டன்
ஆகஸ்ட் 2014

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தால் மெல்பேணில் நல்ல குளிர் போலிருக்கிறது. இங்கே பெயருக்குத்தான் கோடை. போன சனிக்கிழமை முழுவதும் தூறல். அந்தத் தூறலில்தான் நானும் அம்மாவும் தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள குளோப் அரங்கில் ஷேக்ஸ்பியரின் யூலியஸ் சீசரைப் பார்க்கப் போனோம். நீ பரீட்சைக்காக அன்ரனியின் பேச்சை மனப்பாடம் செய்த நாட்களில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பிழை பார்த்தவன் நான் என்பதால், எனக்குத் தெரிந்த நாடகந்தானே என்ற எண்ணத்தோடு போனேன்.

அம்மாவின் முழங்காலுக்கு நிற்பது ஆகாது. மாடத்தில் அவளுக்கு ஓர் இடம் எடுத்து, மரவாங்கில் போட்டுக்கொள்ள மெத்தையொன்றையும் வாடகைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் ஐந்து பவுண் சீட்டோடு கூரையில்லாத முற்றத்தில் நின்றேன். அங்கே ஏறக்குறைய 700 பேர் நிற்கலாம். பின்னால் நிற்பவருக்கு மறைக்கும் என்பதால் குடை பிடிக்க விடமாட்டார்கள். எல்லோரும் பிளாஸ்டிக் மழையங்கிக்குள் ஒடுங்கி நின்றோம். மாடங்களுக்கும் மேடைக்கும் மேலே மட்டும் நாணல் வேய்ந்த கூரை. 1599 செப்டெம்பரில் தோமஸ் பிளாற்றர் என்ற சுவிஸ் பயணி, மதிய உணவுக்குப் பின் ஆற்றைக் கடந்து வந்து, இதே பகுதியில் கூரை வேய்ந்த அரங்கொன்றில் சீசரின் கதையைப் பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார். இப்போதைய அரங்கு பழைய குளோப்பின் மாதிரியில் கட்டி 1997இல் திறக்கப்பட்டதுதான். என்றாலும் பகல் காட்சிகளைப் பழைய முறைப்படி பகல் வெளிச்சத்திலேயே ஆடுகிறார்கள். விளக்கை அணைத்து நம்மை இருட்டில் மறைத்துவிடும் அரங்குகளில் தெரியாத ஒன்று இங்கே தெரிந்தது: நடிகர்களைப் பார்க்கும் அதே பார்வையில் எதிரே நிற்பவர்களின் முகமும் பட்டுக்கொண்டே இருந்தது.

சீசரைக் கொன்ற கையோடு புரூட்டஸ் மேடையேறி, தான் ஏன் கொன்றேன் என்று விளக்குகிறான். கவிதையை விட்டு உரைநடையில், கணக்கு வாத்தியார் போல, காரணத்தை ஒவ்வொன்றாக அடுக்கிப் பேசுகிறான். கூட்டம் நெகிழ்ந்துபோய், இவனையே சீசர் ஆக்குவோம் என்று கத்துகிறது. முடியாட்சி வந்துவிடும் என்ற அச்சத்தில் ஒருவனைக் கொன்றவனுக்குக் கிடைத்த பாராட்டு அது! புத்தகத்தில் இந்த வரியை நாம் இருவருமே கவனிக்காமல் தாண்டியிருக்கிறோம். அங்கே நின்றபோது நானும் கைதட்டினேன். கால் மணி நேரங்கூடக் கழியவில்லை, கொன்றவர்களுக்கு எதிராகக் கூட்டத்தைத் திருப்பிய சீசரின் நண்பன் அன்ரனிக்கும் தட்டினேன். அவன் பேச்சின் நடுவில் ஒரு விமானம் தாழப் பறந்தது. அந்த நடிகர் நிமிர்ந்து பார்த்து, அது போகும்வரை பேச்சை நிறுத்தி, சீசரின் உயிலைக் கையில் பிடித்தபடியே நின்றார். அதை வாசி வாசி என்று கத்தியவர்களில் பாதிப்பேர் காசு கொடுத்து நாடகம் பார்க்க வந்தவர்கள்.

உயிலில் ஒவ்வொரு ரோமருக்கும் 75 திராக்மா என்று இருக்கிறது. அந்தத் தொகை உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு வரும் சிறிய காட்சி நினைவிருக்கிறதா? ஆட்சியைப் பிடித்த மூவரும் யார் யாரைக் கொல்வது என்று பெயர்களுக்குப் புள்ளி குத்திக்கொண்டிருக்கையில், அந்த உயிலை எடுத்து வாருங்கள், கொடுக்க வேண்டியதில் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்போம் என்கிறான் அன்ரனி. ஒரே வசனம், அத்தோடு விட்டுவிடுகிறார்கள். தேர்தல் வாக்குறுதி பற்றி இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியது அதற்காக இல்லை. இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே சின்னா என்ற கவிஞன் தெருவில் தனியாக வருகிறான். அன்ரனியின் பேச்சால் வெறிகொண்ட கூட்டம் அவனை வளைத்துக்கொண்டு, பெயர் என்ன, எங்கே போகிறாய், எங்கே இருக்கிறாய், கலியாணம் ஆனவனா என்று கேட்கிறது. கலியாணம் ஆகவில்லை என்று அவன் சாமர்த்தியமாகச் சொன்ன இடத்தில் முற்றம் முழுவதும் சிரித்தது. பிறகு அவன் தன் பெயரைச் சொன்னான். சீசரைக் கொன்ற சதிகாரர்களிலும் ஒரு சின்னா இருந்தான். நான் அவனில்லை, கவிஞன் சின்னா என்று அவன் கெஞ்ச, அப்படியானால் மோசமான கவிதை எழுதியதற்காகக் கிழியுங்கள் என்கிறான் ஒருவன். அதற்கும் சிலர் சிரித்தார்கள், பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண்பிள்ளை மேடை விளிம்பிலிருந்து முழங்கைகளை மெல்ல எடுத்ததைப் பார்த்தேன்.

1983 ஆடியில் கொழும்பில் தமிழரைத் தேடித் தேடித் தாக்கிய கலவரத்தைப் பற்றி நீ சிறுமியாக இருந்தபோது இரண்டு முறை கேட்டாய். பஸ் ஓடவில்லை, நடந்து வந்தேன் என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. வெள்ளவத்தைக்கு வரும் வழியில் என்னையும் மறித்தார்கள், பெயர் கேட்டார்கள். நான் சொன்ன பெயர் என்னுடையதல்ல. என்னோடு வேலை செய்த ஒருவருடையது. சிங்களம் எனக்குச் சரளமாக வரும் என்பதால் மேற்கொண்டு கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். எனக்குப் பின்னால் வந்தவர் தம்முடைய பெயரையே சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நாடகம் முடிந்ததும் இறந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து, சீசரும் சின்னாவும் அன்ரனியும் கைகோத்து, மேடை அதிரத் துள்ளி ஆடினார்கள். கூத்து முடிவில் மங்களம் பாடுவதைப் போல இது இங்கே பழைய வழக்கமாம். பிளாற்றரும் அந்த ஆட்டத்தைக் குறித்திருக்கிறார். அம்மா மாடத்திலிருந்து இறங்கி வந்து, முகமெல்லாம் நனைந்திருக்கிறதே என்று தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். மழை விட்டு நெடுநேரமாகியிருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

மார்கழியில் நீ வரும்போது, நான் சொன்ன அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றியும் சொல்லுகிறேன். அவருக்கு இன்றுவரை தெரியாது.

அன்புடன்,
அப்பா