பழைய கேமிங் கணினியைக் கழித்துக்கட்டும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தப்போகிறது என்ற செய்தி பரவியதிலிருந்து, ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகளுக்காக வாங்கிய கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகும் பெற்றோர் பலரும் கேட்டு வரும் பதில் ஒன்றுதான்: "இது இனி தேறாது சார், புதுசா எடுத்துடுங்க." தேறுமா தேறாதா என்பதைக் கேபினட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் வீட்டுக் கணினி 2018-இல் வாங்கியது. படிப்புக்கு என்று சொல்லித்தான் வாங்கினோம். அதை வீட்டில் அன்றும் யாரும் நம்பவில்லை. ரைசன் 3 1200 பிராசஸர், பி350 மதர்போர்டு, ஒற்றை 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு ஆகியவை அதில் இருந்தன. பிளஸ் ஒன் படிக்கும் மகன் வேலரண்ட் ஆடுவான், எட்டாம் வகுப்பு மகள் மைன்கிராஃப்டில் வீடு கட்டுவாள், இரவு பத்து மணிக்கு மேல் என் மனைவி சீட்டுக் கணக்கு எழுதுவாள். 2025 மே மாதம் ஆட்டம் திணறத் தொடங்கியபோது, திருச்சியில் ஒரு கடையில் புதுக் கணினிக்கு 72,000 ரூபாய் என்று விலைப்பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள்; இன்னொரு கடையில், கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். இரண்டுமே தவறான மருந்து என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

தெரிந்துகொள்ளச் செலவு எதுவும் ஆகவில்லை. மகன் ஆடிக்கொண்டிருக்கும்போதே எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்தோம். கிராபிக்ஸ் கார்டு 55, 60 விழுக்காட்டிலேயே நிற்க, நான்கு கோர் மட்டுமே உள்ள பிராசஸர் 100-ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. ரேமில் 8 ஜிபியும் நிரம்பிக் கிடந்தது. கணினியை இயக்கி முதல் பத்து நிமிடங்களுக்கு ஹார்ட் டிஸ்க்கும் 100 விழுக்காட்டிலேயே இருந்தது. பாதி சும்மா இருக்கும் கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியதை மாட்டினால், அதுவும் பிராசஸரின் வேலை முடியட்டும் என்று காத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஹார்ட் டிஸ்க்கை மாற்றியது எளிய வேலை. சுழலும் தட்டின் மேல் ஊசி ஓடி ஓடித் தேடும் பழைய டிஸ்க் நொடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பி படிப்பதற்குள் சுழலும் பாகமே இல்லாத, சில்லுகளால் ஆன சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஐந்நூறைத் தொட்டுவிடுகிறது. சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. ரேமில் இன்னொரு 8 ஜிபியைச் சேர்த்ததும் அளவு கூடியதோடு, ஒற்றை ரேமாக இருந்தபோது பூட்டிக்கிடந்த இரண்டாவது பாதையும் திறந்துகொண்டது.

பிராசஸர்தான் சற்றுப் படுத்தியது. போர்டில் பிராசஸர் உட்காரும் இடமான ஏஎம்4 என்ற சாக்கெட்டில் 2017-இல் வந்த முதல் ரைசனும் உட்காரும், 2022-இல் வந்த ரைசன் 5 5600-ம் உட்காரும். எங்கள் பி350 போன்ற பழைய 300 வரிசை போர்டுகளிலும் புதிய பிராசஸரை ஏற்க 2022-இல்தான் ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி இடம் கொடுத்தது. ஆனால் அதற்கு முன், கணினியை எழுப்பும் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். அதையும் பழைய பிராசஸர் மாட்டியிருக்கும்போதே செய்தாக வேண்டும். போர்டைத் தயாரித்தவரின் இணையதளத்தில், நம் போர்டுக்கு எந்தப் பயாஸ் பதிப்பில் எந்தப் பிராசஸர் ஓடும் என்ற பட்டியல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் பிராசஸரை வாங்கிவிடக் கூடாது. புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் போனால் போர்டே பயனற்றுப் போகலாம் என்பதால், எதிர்வீட்டுக்காரரிடம் யுபிஎஸ்ஸை ஒரு மாலைப்பொழுதுக்கு இரவல் வாங்கினேன். அந்த நான்கு நிமிடங்கள் வீட்டில் யாரும் மிக்ஸியைக்கூடப் போடவில்லை.

அவ்வளவு கவனமாக இருந்தும், பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரைக் கழற்றும்போது கோட்டைவிட்டேன். ஏழு ஆண்டுகளில், இரண்டுக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, பழைய சுண்ணாம்பைப் போல இறுகிப்போயிருந்தது. நேராக மேலே இழுத்ததில், பூட்டியிருந்த சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் கூலரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இந்தப் பிராசஸர்களின் அடியில் 1331 ஊசிகள் உண்டு. ஓர் ஓரத்தில் மூன்று சாய்ந்திருந்தன. மகனின் மெக்கானிக்கல் பென்சிலில் லீடை எடுத்துவிட்டு, அதன் நுனித் துளையை ஒவ்வோர் ஊசியிலும் செருகி மெல்ல நிமிர்த்தினோம். கழற்றுவதற்கு முன் கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகிய பிறகே தூக்க வேண்டும் என்பதை அனுபவத்தில் கற்றேன். கெட்டது பழைய பிராசஸர்தான் என்பதால் தப்பித்தோம்.

ரைசன் 5 5600 பிராசஸருக்கு 9,900 ரூபாய், 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 3,100, ரேமுக்கு 1,600, தெர்மல் பேஸ்டுக்கு 300 என்று மொத்தம் 14,900 ரூபாயோடு வேலை முடிந்தது. முன்பு தகுதியில்லை என்று விண்டோஸ் 11 தள்ளிவைத்த அதே கணினி, இப்போது அதன் பட்டியலில் உள்ள பிராசஸரோடு ஓடுகிறது. பயாஸில் எஃப்டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் இயக்கிவிட வேண்டும். விண்டோஸ் 11-இல் இவை இல்லாமல் வேலரண்ட் ஆடவிடாது.

எல்லோருக்கும் இந்த வாய்ப்பு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்டெல் ஏழாம் தலைமுறைப் பிராசஸர் வைத்திருப்பவர்களின் போர்டில் எட்டாம் தலைமுறை பிராசஸர் அளவில் பொருந்தினாலும் இயங்காது. அவர்கள் போர்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதற்குப் பணம் சேரும்வரை, மைக்ரோசாப்ட் தரும் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-இலேயே ஓட்டலாம்.

புதிதாகவே வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் ரேம் விலையை ஒருமுறை விசாரித்துவிட வேண்டும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் இறுதியிலிருந்து விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. க்ரூஷியல் என்ற பெயரில் வீட்டுக் கணினிகளுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தையே கைவிடுவதாகக் 2025 டிசம்பரில் அறிவித்தது. மே மாதம் நான் 1,600 ரூபாய்க்கு வாங்கிய அதே ரேமின் விலை டிசம்பரில் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 போர்டு வாங்கினால் டிடிஆர்5 ரேம்தான் போட முடியும். கையில் இருக்கும் டிடிஆர்4 ரேம் அதில் உதவாது. பழைய போர்டை வைத்துக்கொள்வதில் உண்மையான சிக்கனம் இங்கேதான் இருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டை நாங்கள் இன்னும் மாற்றவில்லை. 1050 டிஐ சார்ந்த பாஸ்கல் வரிசைக்கு, புதிய ஆட்டங்களுக்கான டிரைவர் மென்பொருள் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது; பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். வேலரண்டுக்கும் மைன்கிராஃப்டுக்கும் இப்போதைக்கு அதுவே போதும். மகனுக்கு ஆர்எக்ஸ் 6600 வேண்டும். ஆனால் அது 132 வாட் கேட்கும் கார்டு; இப்போது இருப்பதோ தனி மின்கம்பிகூட இல்லாமல், போர்டிலிருந்தே 75 வாட் எடுத்துக்கொண்டு ஓடுவது. எங்கள் கேபினட்டோடு இலவசமாக வந்த, மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது; கையில் எடுத்தால் டிபன் டப்பா கனம்கூட இல்லை. அந்த ஸ்டிக்கரை நம்பிப் பெரிய கார்டை மாட்ட எனக்குத் துணிவில்லை. முதலில் மின்திறனுக்கான 80 பிளஸ் சான்று பெற்ற நல்ல எஸ்எம்பிஎஸ், கார்டு அதன் பிறகு என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. முடிவை ஏற்காதவன் ஒருவன் உண்டு.

கார்டைப் பழையதாக வாங்கலாம் என்று விசாரித்தபோதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம் கண்ணில் பட்டது. ஆர்எக்ஸ் 580 என்ற ஒரே பெயரில் 2304 செயலிகள் கொண்ட கார்டும் இருக்கிறது, 2048 மட்டுமே கொண்டதும் இருக்கிறது. ஜிடி 1030 கார்டில் டிடிஆர்4 நினைவகம் கொண்டதன் நினைவக வேகம், ஜிடிடிஆர்5 கொண்டதன் நினைவக வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் இந்த வேறுபாடு ரசீதில் ஏறுவதே இல்லை. 2018-இல் எங்களுக்குக் கொடுத்த ரசீதில் "அசெம்பிள்டு சிஸ்டம் – 1, மானிட்டர் – 1" என்ற இரண்டே வரிகள். உள்ளே என்ன பிராசஸர், எந்த போர்டு என்று தெரிந்துகொள்ள நானே கேபினட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. ரேம் கெட்டால் எந்த எண்ணைக் காட்டி வாரண்டி கேட்பது என்பதற்கும் அதில் வழியில்லை.

ஆகவே, கணினி விற்பனையாளர்கள் ஒவ்வொரு பாகத்தின் முழு மாதிரிப் பெயரையும் வரிசை எண்ணையும் ரசீதில் தனித்தனியாக எழுதித் தர வேண்டும் என்றும், பழைய கணினியோடு வருபவருக்குப் புதுக் கணினியின் விலையைச் சொல்வதற்கு முன் பத்து நிமிடம் அதை ஓட்டிப் பார்த்து எந்தப் பாகம் திணறுகிறது என்று சொல்ல வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கட்டணம் வாங்கினாலும் கொடுக்க என்னைப் போன்றவர்கள் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருவெறும்பூர், திருச்சி.