லின்னேயஸ் பெயரில் இருக்கும் மரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செடிகொடிகளுக்கு லத்தீனில் இருசொற் பெயர் வைத்த ஸ்வீடன் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், லத்தீன் மோகத்தால் அவர் தன் பெயரையே லத்தீனாக்கிக்கொண்டார் என்று ஒரு வரி வருகிறது. இது அநியாயம். 1707இல் அவர் பிறக்கும்போதே வீட்டில் அந்தப் பெயர் இருந்தது.

அவருடைய தந்தை நில்ஸ் இங்கெமார்சன், அதாவது இங்கெமாரின் மகன் நில்ஸ். அக்கால ஸ்வீடன் குடியானவர்களுக்கு அப்பா பெயர்தான் அடையாளம், நம் இனிஷியல் மாதிரி. பல்கலைக்கழகத்தில் சேரக் குடும்பப்பெயர் தேவைப்பட்டபோது, தென் ஸ்வீடனின் ஸ்மோலாந்தில் குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்ட் மரத்தை (ஆங்கிலத்தில் லிண்டன்) வைத்து லின்னேயஸ் ஆனார். அந்த வட்டாரத்தில் மரத்தின் பெயர் ‘லின்’. லத்தீன் வால் மட்டும் ஒட்டு. அதே மரத்தை வைத்து உறவினர் சிலர் லிண்டேலியஸ் என்றும், வேறு சிலர் டிலியாண்டர் என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். டிலியா என்பது லிண்டுக்கு லத்தீன் பெயர். பின்பாதி ‘மனிதன்’ என்னும் கிரேக்கச் சொல். லின்னேயஸைவிட அந்த உறவினருக்குத்தான் மோகம் அதிகம் போலிருக்கிறது!

டிலியா பெண்பால். அதனால்தான் ஒரு வகை லிண்டின் பெயரான டிலியா கார்டாட்டாவில் அடைமொழியும் ‘ஆ’வில் முடிகிறது. லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால், ‘அஸ்’ என்று ஆண்பால்போல முடிந்தாலும்கூட. 1753இல் லின்னேயஸ் நம் புளிக்கு டமரிண்டஸ் இண்டிகா என்றும், அரசமரத்துக்கு ஃபைகஸ் ரெலிஜியோசா என்றும் பெயரிட்டது இந்த விதிப்படிதான். ‘ஏன் சார் இண்டிகஸ் இல்லை?’ என்று கேட்காத வகுப்பே எனக்கு வாய்த்ததில்லை.

லிண்ட் என்ற சொல் வேறு குலம், ஜெர்மானியச் சொல். மீனுக்கு லத்தீனில் பிஸ்கிஸ், ஸ்வீடிஷில் ஃபிஸ்க். அவை ஒரே வேரில் பிறந்து, ‘ப’ ‘ஃப’வாகத் திரிந்த ஜோடி. டிலியாவுக்கும் லிண்டுக்கும் அந்த உறவு இல்லை. பழைய ஸ்வீடிஷில் லிண்டும் பெண்பால்தான். பிற்பாடு ஆண்பாலும் பெண்பாலும் ஒன்றாகிப் பொதுப்பால் ஆகிவிட்டன. ‘என் லிண்ட்’ என்றால் ஒரு லிண்ட் மரம் (நம் ‘என்’ அல்ல!). அந்த ‘என்’ சொல்லின் கடைசியில் போய்ச் சேர்ந்தால் ‘லிண்டென்’, குறிப்பிட்ட அந்த மரம். பன்மை ‘லிண்டார்’.

அறிஞர்களுக்கான நூல்களைக் கார்ல் லின்னேயஸ் லத்தீனில் எழுதினார். அன்று அதுதான் வழக்கம். ஆனால் தம் நாட்டுப் பயண நூல்களை ஸ்வீடிஷில்தான் எழுதினார். பிரபுப் பட்டம் கிடைத்ததும் லத்தீன் வாலை வெட்டிவிட்டு ‘ஃபான் லின்னே’ ஆனார். மோகம் பிடித்தவர் செய்கிற காரியமா இது?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்