தண்ணீரைச் சோதிக்காமல் மருந்து எதற்கு?

ஆசிரியருக்கு,

கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் விடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர். நானும் போன கோடையில் கட்டினேன், 1,000 லிட்டர் பிடிக்கும். ஒரே வாரத்தில் 11 குஞ்சுகள் செத்து மிதந்தன. மீன் விற்றவரோ தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் நீல மருந்து பாட்டிலை நீட்டினார்.

புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து, தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 9-ஐத் தாண்டிவிடும், அந்த நிலையில் மீன் கழிவில் வரும் அம்மோனியா பல மடங்கு விஷமாகும், அதுவும் நம் ஊர் வெயிலில் சூடேறிய தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். மீன் விடும் முன்பே நீரை நிரப்பிச் சில நாள் ஊறவிட்டுக் கொட்டுவதைப் பலமுறை செய்திருக்க வேண்டும். வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஊறவைக்கிற பழைய பழக்கமும் இதற்குத்தான்.

சரி, அதோடு முடிந்ததா? அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை மீன் குறைவாக, தீனி அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நான் பளபளவென்று இருக்கட்டும் என்று ஃபில்டரைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவிக் கழுவி அதில் வளரும் அந்தப் பாக்டீரியாவையும் கொன்றிருக்கிறேன்! தொட்டித் தண்ணீரிலேயே அலசினால் போதுமாம்.

மீன் விற்கும் கடைகள் மருந்துக்குப் பதில் முதலில் அம்மோனியா, பி.எச். சோதனைக் கிட்டை எடுத்துக் காட்டட்டும்.

ஒரு வாசகர்,
தஞ்சாவூர்