விசிலைக் கையில் கொடுத்தவர்களுக்கு

கூடைப்பந்து மைதானத்து ஐயாமார்களுக்கும், அக்கா அண்ணன்மார்களுக்கும், எங்கள் வீட்டாருக்கும் வணக்கமுங்க.

இந்த ஆண்டு நான் பள்ளிப் பிள்ளைகளின் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கத் தொடங்கியிருக்கிறேன். பெரும்பாலும் 13, 16 வயதுக்கு உட்பட்டவர்களின் ஆட்டங்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் மைதானம். பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலை, கோபி என்று எங்கே கூப்பிட்டாலும் வெள்ளென பஸ் ஏறிவிடுகிறேன். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த டீமையும் கோச்சையும் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அது நியாயம்தான். ஆனால் ஒருத்தி நடுவராக வந்து நிற்பதற்கு எத்தனை பேர் தங்கள் ஓய்வு நாளைக் கொடுத்தார்கள் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. நாலு பேருக்குத் தெரியட்டும் என்றே இதை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

எங்கள் பி.டி. டீச்சரிடமிருந்து தொடங்குகிறேன். பள்ளியில் எனக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். கல்யாணம், குழந்தை என்று ஆனபிறகு நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை. மகளைக் கோடைக்காலப் பயிற்சி முகாமில் சேர்க்கப் போனபோது டீச்சர் அங்கே நின்றிருந்தார். ஓய்வு பெற்றும் வீட்டில் இருக்க மனசு வராமல் முகாமுக்கு வந்து உதவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்: “புள்ளைய உட்டுட்டு சும்மா உக்காந்திருக்காத கண்ணு. பொம்பளப் புள்ளைக ஆட்டத்துல நடுவுல ஒரு பொம்பள நிக்கோணும். நீ வா.”

அவர் சொன்னதன் அருமை எனக்குத் தாராபுரத்தில் புரிந்தது. 16 வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஆட்டம், மூன்றாவது குவார்ட்டர். ஃப்ரீ த்ரோவுக்கு, அதாவது ஃபவுலுக்காக யாரும் தடுக்காமல் எறிய விடும் பந்துக்கு, வரிசையாக நிற்கும்போது ஒரு பெண் என் பக்கமாக நகர்ந்து வந்து, உதடு அசையாமல், “அக்கா, நான் வெளிய போகோணும், கோச்சுகிட்டச் சொல்ல முடியல” என்றாள். முகத்தைப் பார்த்ததுமே என்னவென்று தெரிந்தது. அவளுடைய கோச்சிடம் போய் மெதுவாக, “ஒரு சப்ஸ்டிட்யூஷன் கேளுங்க சார்” என்றேன். அவரும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் ஆளை மாற்றினார். நாலாவது குவார்ட்டரில் அந்தப் பெண் திரும்ப வந்து ஆடினாள். அன்றைக்கு அங்கே ஒரு பெண் நிற்காமல் போயிருந்தால் அந்தப் பிள்ளை யாரிடம் சொல்லியிருப்பாள் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். டீச்சர், இது உங்களுக்குச் சேர வேண்டிய பெருமை.

டீச்சர் கூப்பிட்டார் என்பதற்காக யாரும் உடனே விசிலைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. முதலில் மைதான ஓரத்தில் ஸ்கோர் எழுதும் டேபிளில்தான் உட்கார வைத்தார்கள். ஸ்கோர் ஷீட் எழுதும் அக்காவை எங்கள் மாவட்டத்தில் ஆடிய பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். “டேபிள் தெரியாத நடுவர் பாதி நடுவர்” என்பது அவர் கட்சி. நானும் இப்போது அந்தக் கட்சிதான். முதல், மூன்றாம் குவார்ட்டர்களுக்குச் சிவப்புப் பேனா. இரண்டு, நாலுக்கு நீலம் அல்லது கறுப்பு. சாதாரணக் கூடை விழுந்தால் ஸ்கோர் எண்ணின் மேல் ஒரு சாய்கோடு. மூன்று புள்ளி என்றால் கோட்டோடு ஆட்டக்காரரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஃப்ரீ த்ரோ விழுந்தால் நிரப்பிய ஒரு புள்ளி. பக்கத்தில் உட்கார்ந்து என் கை தயங்கும் இடத்தில் தன் விரலை வைத்துக் காட்டுவார். பேனாவை மட்டும் என் கையிலிருந்து வாங்கவே மாட்டார்.

நடுவரின் கைச்சைகை எதற்காக அவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும் என்பதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. ஃபவுல் என்றால் மூடிய முஷ்டி மேலே போகும், மற்ற மீறலுக்கு விரித்த உள்ளங்கை. இரண்டிலும் கடிகாரம் நிற்கும். பிறகு டேபிளுக்கு முன்னால் வந்து எண், என்ன ஃபவுல், அடுத்து ஃப்ரீ த்ரோவா, கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுவதா என்று வரிசையாகக் காட்ட வேண்டும். 24-ஆம் எண் பெண் என்றால் முதலில் புறங்கையால் இரண்டு, பிறகு உள்ளங்கையால் நாலு. ஓடிக்கொண்டே அவசரமாகக் காட்டினால் டேபிளில் இருப்பவர் யார் பெயரில் எழுதுவார்? ஐந்து ஃபவுல் ஆனால் அந்தப் பிள்ளை வெளியே போக வேண்டும். ஒரு குவார்ட்டரில் டீமுக்கு நாலு ஃபவுல் தாண்டினால் எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒரு தப்பான எண் ஒரு பிள்ளையின் ஆட்டத்தையே முடித்துவிடும். நான் டேபிளுக்கு முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கிவிட்டுச் சைகை காட்டுகிறேன் என்றால் அது அந்த அக்கா போட்ட பழக்கம்.

இனி எங்கள் பெரியவரைப் பற்றி. அவர் பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பஞ்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர், பிறகு நடுவராக நின்றவர், இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர். சம்பளம் கிடையாது. பஸ் காசும் தன் பையிலிருந்துதான்.

அவரிடம் கற்றது விதிகளை அல்ல. விதிப் புத்தகத்தை நானே படித்துவிடலாம், படித்தும் இருந்தேன். 8 நொடிக்குள் பந்து பாதிக்கோட்டைத் தாண்ட வேண்டும், 24 நொடிக்குள் எறிய வேண்டும், எறிந்த பந்து ரிங்கில் பட்டு எறிந்த டீமுக்கே கிடைத்தால் மறுபடி எறிய 14 நொடி எல்லாம் மனப்பாடம். அவர் கற்றுக்கொடுத்தது எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதை. ஒரு நாள் காலையில் ஆட்டம் தொடங்குமுன் சிமெண்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து, சாக்பீஸால் பாதி மைதானத்தை வரைந்து ஆறு கட்டம் போட்டார். இரண்டு நடுவர் ஆட்டத்தில் ஒருவர் லீட், ரிங்குக்குக் கீழே கடைசிக் கோட்டில். மற்றவர் டிரெயில், பின்னால். பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒருவர் பந்தைப் பார்ப்பார். “இன்னொருத்தரு என்னத்தப் பாப்பாருங்?” என்று என்னையே கேட்டார். பந்து இல்லாத பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். ரிங்குக்குக் கீழே ஒருத்தி இன்னொருத்தியின் ஜெர்ஸியைப் பிடித்து இழுப்பதும், எதிராளியின் வழியை மறித்து நிற்கும் ஸ்கிரீன் போடும்போது முழங்கை நீள்வதும் அங்கேதான் நடக்கும்.

“எல்லாரும் பந்தத்தான் பாக்கறாங்க அம்மிணி. அப்பன் ஆத்தாளும் பாக்கறாங்க, கோச்சும் பாக்கறாரு. நீயும் அதையே பாத்தீன்னா அந்தப் புள்ளைகள ஆரு பாக்கறது?”

இதற்கு அவர் ஒரு பழைய கதையும் சொன்னார். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உண்டாக்கியபோது எழுதிய விதிகள் மொத்தம் 13. அதிலேயே இரண்டு நடுவர்கள் உண்டு. ஒருவர் ஆட்டக்காரர்களைப் பார்த்து ஃபவுல் கணக்கு வைக்க, இன்னொருவர் பந்தைப் பார்க்க. ரிங்குக்குப் பதிலாகப் பீச் பழக் கூடை மாட்டி ஆடிய காலத்திலேயே பிள்ளைகளைப் பார்க்கத் தனியாக ஒரு ஆள் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து பந்தை விட்டுக் கண்ணை எடுக்க எனக்குத் தயக்கமே இல்லை.

விசிலும் அவர் கொடுத்ததுதான். உள்ளே உருளும் பட்டாணிக் குண்டு இல்லாத ஃபாக்ஸ் 40. கனடாக்காரர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் கூடைப்பந்து நடுவர். 1984-இல் பிரேசிலில் ஒரு பெரிய ஆட்டத்தில் அவருடைய விசில் பட்டாணி சிக்கி ஊதாமல் போக, சிக்குவதற்கு உள்ளே எதுவுமே இல்லாத விசிலைச் செய்தே தீருவது என்று இறங்கி, 1987-இல் கொண்டுவந்தார். நம்ம ஊரில் அதன் அருமை ஆனி ஆடியில் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலைப் பக்கம் திறந்தவெளி மைதானத்தில் ஃப்ரீ த்ரோவையே தள்ளிவிடும். அந்தக் காற்றிலும் இந்த விசில் ஒரே ஊதலில் பத்துப் பிள்ளைகளையும் நிறுத்துகிறது.

பெரியவர் மே மாதம் கரூருக்குக் கூட்டிப் போனார், எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பை ஆட்டம் பார்க்க. கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக்கும் அப்படியே. “ஆட்டத்தப் பாக்காத, நடுவரப் பாரு” என்பதுதான் உத்தரவு. மூன்று நடுவர்கள் நிற்கும் ஆட்டத்தை அவ்வளவு பக்கத்தில் அப்போதுதான் பார்த்தேன். ரிங்குக்குக் கீழே நேராகக் குதித்த தடுப்பாட்டக்காரர் மேல் எதிராளி வந்து மோதுகிறார். கூட்டம் முழுக்க ஃபவுல் என்று கத்துகிறது. நடுவர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு ஊதாமல் ஓடுகிறார். தன் இடத்தில் நேராக எழும்பியவருக்கு அந்த இடம் சொந்தம். ஊதாமல் இருப்பதும் ஒரு தீர்ப்பு என்பதை அந்த ஓட்டத்தில் பார்த்தேன்.

சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் மட்டும் அவர் வேறு மாதிரி சொல்வார். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளை பந்தைத் தட்டாமல் கால் நகர்த்திவிட்டால் ஊதிவிட்டு, பந்தை வாங்கும் அந்த இரண்டு நொடியில் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். “கால் நகந்துருச்சு கண்ணு, மொதல்ல பந்தத் தட்டு.” அவ்வளவுதான். அடுத்த முறை அந்தப் பிள்ளை குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு தட்டும்போது மனசு நிறைந்துவிடும்.

சட்டையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நடுவருக்குச் சாம்பல் நிறச் சட்டை, கறுப்பு பேன்ட், கறுப்பு ஷூ. கடையில் கிடைத்ததெல்லாம் ஆம்பளை அளவு. தோள் தொங்கி, கையைத் தூக்கினால் சட்டை மேலே ஏறும். எங்கள் கம்பெனி சாம்பிள் டெய்லர் அண்ணன் அதைக் கேள்விப்பட்டு, டீ டைமில் என்னை நிறுத்தி அளவெடுத்தார். முஷ்டியைத் தூக்கிக் காட்டு, பக்கவாட்டில் நீட்டு, குனி என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லி, அக்குளில் ஒரு துண்டுத் துணி கூடுதலாக வைத்துத் தைத்தார். வியர்வை உறிஞ்சும் துணி. காசு கொடுக்கப் போனேன். “என்ற மவளும் ஆடறாளுங்க மேடம், அவ ஆட்டத்துக்கு நீங்க வந்து நில்லுங்க, போதும்” என்றார். அண்ணா, கட்டாயம் வருகிறேன்.

ஒரு கசப்பையும் சொல்கிறேன், அதில் எனக்குத் துணை நின்றவர்கள் இருக்கிறார்கள் என்பதால். ஒரு ஆட்டத்தில் ஒரு கோச், எந்த ஊர், எந்த டீம் என்பதெல்லாம் வேண்டாம், நான் ஊதிய ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று கத்தினார். “பொம்பளைக்கு என்னங்க தெரியும் பாஸ்கெட்பால்?” என்று டேபிளைப் பார்த்துச் சொன்னார். முதலில் எச்சரித்தேன். மறுபடியும் கத்தியதும் இரண்டு கையாலும் ‘டி’ காட்டி டெக்னிக்கல், அதாவது நடத்தைக்கான ஃபவுல், கொடுத்தேன். எதிர் டீமுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பிறகு ஆட்டம் விட்ட இடத்திலிருந்து. என்னோடு நின்ற இளைய நடுவர் தம்பி ஒரு வார்த்தை பேசாமல் நேராக நடந்து வந்து, எனக்கும் அந்த பெஞ்சுக்கும் நடுவில் நின்றுகொண்டார். டேபிள் அக்கா எழுத வேண்டியதை எழுதிவிட்டு, “ஆச்சுங் மேடம்” என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு மைதானம் அமைதியாக ஆட்டத்தைப் பார்த்தது. முடிந்ததும் தோற்ற டீமின் கோச், கத்தியவர் அல்ல, மற்றவர், என்னிடம் வந்து, “நல்லா நடத்துனீங்க மேடம், எங்க ஊருக்கும் வாங்க” என்று கை குவித்தார். தோற்ற வருத்தத்தோடு அப்படி வந்து சொல்லப் பெரிய மனசு வேண்டும். நன்றிங்க சார்.

மைதானத்தைக் கூட்டிவிடும் அண்ணனுக்கும் நன்றி. விடியுமுன் வந்து, வேப்பிலையும் மண்ணும் கிடக்கிற தரையைக் கூட்டி, பனி ஈரத்தைச் சாக்கு போட்டுத் துடைக்காமல் எந்த ஆட்டமும் தொடங்கியதில்லை. பிள்ளைகள் வழுக்கி விழாமல் ஆடுவதில் பாதி அவர் உழைப்பு.

வீட்டில் அத்தைக்கு இந்த ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்புமுன் அரிசிம்பருப்புச் சாதத்தை டப்பாவில் போட்டு வைத்துவிடுவார். “பொம்பள ஊர் ஊராப் போயி விசிலடிக்கறதா” என்று உறவில் ஒருவர் கேட்டபோது, “எங்கூட்டுப் புள்ள நாயம் சொல்லப் போவுது” என்று அவர் ஒரே பேச்சில் முடித்தார். அத்தை, உங்கள் வாயால் அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு யார் சம்மதமும் வேண்டியிருக்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டு, என் சைகைகளைக் கண்ணாடி முன்னால் நின்று சரிபார்க்க உதவிய அவருக்கும், அதாவது என் வீட்டுக்காரருக்கும், நன்றி.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டத்தை விட்ட பழைய மாணவிகள் உங்கள் ஊரில் இருப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணம் ஆனவர்கள். அவர்களை ஒருக்கா கூப்பிட்டுப் பாருங்கள். வரும் கோடை முகாமில் டேபிளுக்கு ஆள் வேண்டியிருக்கிறது. சொல்லிக்கொடுக்க அக்காவும் பெரியவரும் தயாராக இருக்கிறார்கள். சிவப்பில் ஒரு பேனாவும் நீலத்தில் ஒரு பேனாவும் எடுத்து வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை மறவாத புது நடுவர்,
திருப்பூர்.