இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை கேஜைப் பார்

சோழவந்தான்,
ஐப்பசி 9

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். மேலக்கால் அத்தை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள், வழக்கம்போல அந்தப் பச்சை டிரங்குப் பெட்டியைப் பற்றிக் கேட்டாள், வழக்கம்போல நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். வேறு செய்தி இல்லை.

இதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. நீ குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு திரிகிற அந்த வீட்டு வண்டிக்குத் தபால்காரர் வருவாரா? அதனால் தாளில் எழுதி, எதிர்வீட்டுப் பையனை விட்டுப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். போனில் பேசினால் "சரி அப்பா, சரி அப்பா" என்று வைத்துவிடுகிறாய். தாள் அப்படி வைத்துவிடாது.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை, வண்டியில் சிங்குக்கு அடியில் பைப் விட்டுப்போய் விடியற்காலையில் தரையெல்லாம் தண்ணீர் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியை நிறுத்தியிருக்கிற அந்த முகாமில் குழாய்த் தண்ணீர் என்ன பிரஷரில் வருகிறது என்று கேட்டேன். தெரியாது என்றாய். ரெகுலேட்டர் இருக்கிறதா என்றேன். "அது வண்டியிலேயே இருக்கிறது அப்பா" என்றாய். படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ சொன்னது கேஸுக்கு. நான் கேட்டது தண்ணீருக்கு, அதன் அழுத்தத்தைக் குறைத்து விடுகிறது.

எதிர்வீட்டுப் பையன் மூன்று நாள் சாயங்காலம் அவன் போனில் அந்த வண்டிகளைப் பற்றிய படங்களைப் போட்டுக் காட்டினான். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் இருக்கிறது. இருந்தாலும் சக்கரம் வைத்த வீடுதானே. சுவருக்குள் ஓடுவது விரல் மொத்தமுள்ள பிளாஸ்டிக் குழாய், வண்டி ஓடும்போதெல்லாம் ஒவ்வொரு ஜாயின்டும் ஆடுகிறது. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 50 பவுண்டு வரை வைத்துக்கொள், 60-ஐத் தாண்டவிடாதே என்கிறார்கள். எங்கள் தண்ணீர் சப்ளைக் கணக்கில் சொன்னால் 50 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரைக் கிலோ. ஆனால் முகாம் குழாயில் 80 வரும், சில இடங்களில் 100-ம் வருமாம். அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. மேட்டில் கடைசியில் நிற்கும் வண்டிக்கும் தண்ணீர் ஏறவேண்டும் என்று அழுத்தம் வைத்தால், பள்ளத்தில் நிற்பவனுக்கு அது இரட்டிப்பாகத்தான் வரும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ. இந்தக் கணக்கை நீ மூன்றாம் வகுப்பிலேயே என் சைக்கிள் பாரில் உட்கார்ந்து ஒப்பித்தவன்.

நம் வீட்டில் மாடி டேங்கிலிருந்து கீழ்க்குழாய்க்கு 10 பவுண்டு கூடத் தேறாது. அதில் குளித்து வளர்ந்த உனக்குத் தண்ணீர் ஒரு குழாயை உடைக்கும் என்ற நினைப்பே வராது. அதற்காகத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ரெகுலேட்டரை முகாம் குழாயின் முனையில் மாட்டு. வண்டிப் பக்கம் மாட்டாதே. வண்டிப் பக்கம் மாட்டினால் வண்டி தப்பிக்கும், இடையில் வெயிலில் கிடக்கிற ஹோஸ் வெடிக்கும். முதலில் குழாய், அதில் ரெகுலேட்டர், அதற்கப்புறம்தான் ஹோஸும் ஃபில்டரும். வண்டியின் தொட்டித் தண்ணீரை மோட்டார் போட்டு எடுக்கும்போது இது தேவையில்லை. வெளிக்குழாயில் கோர்க்கிற ஒவ்வொரு தடவையும் தேவை. கையளவில் பித்தளை உருண்டையாக ஒன்று மலிவாகக் கிடைக்கும். அதைத் திருகி மாற்ற முடியாது, தண்ணீரும் மெலிந்துதான் வரும், மருமகள் தலைக்குக் குளிக்கும்போது உன்னைத் திட்டுவாள். அழுத்தம் காட்டும் கேஜும், கூட்டிக் குறைக்கத் திருகும் உள்ளதாக வாங்கு. குடிக்கிற தண்ணீர், ஈயம் கலக்காத பித்தளையா என்று பார்த்து வாங்கு. 45-இல் நிறுத்து.

பகலில் கேஜைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதே. பகலில் நாற்பது வண்டிக்காரர்களும் குழாயைத் திறந்திருப்பார்கள், முள் இறங்கித்தான் நிற்கும். எல்லோரும் தூங்கிய பிறகுதான் லைன் முறுக்கேறும். நான் ராத்திரி டியூட்டியில் எத்தனை வருடம் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! பத்து மணிக்கு ஓரிடத்தில் நிற்கும், இரண்டு மணிக்கு யாரோ தள்ளிவைத்ததுபோல் மேலே நிற்கும். உன் பைப்பும் விடியற்காலையில்தான் விட்டிருக்கிறது, யோசித்துப் பார். இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து டார்ச் அடித்துப் பார். எப்படியும் அந்த நேரத்தில் நீ தூங்குவதில்லை. வாட்ஸ்அப்பில் தெரிகிறது.

வெளியே போகும்போது குழாயை மூடிவிட்டுப் போ. உறைபனி விழும் என்றால் கழற்றி, உள்ளே இருக்கிற தண்ணீரை உதறிவிட்டு வண்டிக்குள் வைத்துவிடு. உள்ளே ஸ்பிரிங்கும் ரப்பர் தகடும்தான், உறைந்தால் கிழிந்துவிடும். அரிசோனா என்றால் பாலைவனம் என்றுதான் நினைத்திருந்தேன், நீ இருக்கிற மலைப்பக்கம் இப்போதே ராத்திரியில் உறைகிறதாமே. பாப்பாவுக்குக் கம்பளி இருக்கிறதா? கிளம்பும்போது அதைக் குழாயிலேயே மறந்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய பேராம். நீ குடையையே மூன்று தொலைத்தவன்.

நானே ஒன்று வாங்கி அனுப்பலாம் என்று மதுரைக்குப் போனேன். முக்கால் அங்குலப் பித்தளை, நல்ல கனம். பணம் கொடுத்த பிறகு கடைக்காரர் கேட்டார், எந்த ஊர்க் குழாய்க்கு என்று. இங்கே முக்காலுக்கு அங்குலத்துக்கு 14 மரை. அமெரிக்காவில் ஹோஸ் மாட்டுகிற குழாயில் பதினொன்றரையாம். விட்டமும் வேறு. இரண்டு சுற்று ஏறிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஒழுகும். பணத்தைத் திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. டி.வி. மேல் இருக்கிறது. அம்மா அதற்கும் சேர்த்து வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கிறாள்.

சின்ன மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நீ ஒரு போன் கூடச் செய்யவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். டீக்கடையில் நான்தான் உன்னைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டையே சக்கரத்தில் ஏற்றி ஓட்டிக்கொண்டு போகிறான் என் மகன் என்று. லீவு எத்தனை நாள் என்று ஒருவர் கேட்டார். இரண்டு வாரம் என்றேன், நீ என்னிடம் சொன்னது அதுதானே. இது ஏழாவது வாரம். இப்போது நான் வேறு கடையில் டீ குடிக்கிறேன்.

குழாயைத் திறக்கும்போது மெதுவாகத் திற. கால் சுற்று, ஒரு நிமிடம், மறுபடி கால் சுற்று. மூடும்போது அதைவிட மெதுவாக. ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று மறித்தால் அது திரும்பி அறையும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இனி எழுதுவதை அந்தப் பையன் படிக்கக் கூடாது. இந்தப் பக்கத்தை நானே படம் எடுக்கிறேன், கை ஆடியிருந்தால் பொறுத்துக்கொள்.

1996-இல், கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மெயின் வால்வை ஒரே மூச்சில் மூடினேன். கதவை அறைந்ததுபோல் ஒரு சத்தம். அந்தப் பக்கம் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பைப், இரண்டு இடத்தில் பிளந்துவிட்டது, மூன்று நாள் பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. என்னை நான்கு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். தப்பு என்னுடையது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, அம்மா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸோடு பஸ் ஏறி மதுரைக்குப் போய், தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருப்பேன். அப்போது குளத்தில் தண்ணீர் கிடையாது, உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஒரு மணிக்குத் தயிர் சாதத்தைச் சாப்பிடுவேன், ஐந்து மணிக்குக் கிளம்புவேன். சட்டை அழுக்காகவில்லையே என்று அம்மா கேட்டுவிடுவாளோ என்று ஒருநாள் கையில் கொஞ்சம் மண்ணை எடுத்துத் தேய்த்துக்கொண்டேன்.

அந்த மாதங்களில்தான் நீ பள்ளிக்கூடத்தில் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று 120 ரூபாய் கேட்டாய். ஊர் சுற்றவா பள்ளிக்கு அனுப்புகிறேன் என்று உன்னை அடித்தேன். பெல்ட்டால். ஊர் சுற்றுவதில் எனக்கு என்ன விரோதம், தம்பி? பையில் பஸ் சார்ஜ் மட்டும்தான் இருந்தது. நீ அதற்குப் பிறகு என்னிடம் காசு கேட்டதே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை, எதற்கும் அப்பாவைத் தொந்தரவு செய்யமாட்டான் என்று அதையும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மாவுக்கு இது எதுவும் இன்று வரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது உனக்குப் பின்னால் ஒரு துண்டு போட்டு மூடியிருந்ததே, அது கிரைண்டர். நாங்கள் வாங்கி அனுப்பியது. துண்டுக்கு வெளியே அதன் கால் தெரிந்தது. அம்மா பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முன்னால் ரெகுலேட்டர் வாங்கிவிடு. 45. வாங்கியதும் மாட்டி, இரவு இரண்டு மணிக்குக் கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு படம் அனுப்பு. அப்போது இங்கே பகல்தான், நான் விழித்திருப்பேன். மாடி அறைக்கு வெள்ளையடித்து, பாத்ரூம் குழாய்க்கு வாஷரும் மாற்றிவிட்டேன். டேங்க் பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது, வாளி நிரம்ப ஆறு நிமிடம் ஆகிறது.

அன்புடன்,
அப்பா