கவிதை எழுதும் இயக்குநர் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தொலைக்காட்சியில் தினத்தொடரை இயக்கப் போகிறாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். "இனி கவிதை எழுத முடியாது" என்று நீ எழுதியிருந்ததைத்தான் ஏற்க முடியவில்லை. இத்தாலியக் கவிஞரும் இயக்குநருமான பசோலினியின் முதல் கவிதைத் தொகுப்பு 1942இல் வந்தது, முதல் படம் 1961இல். படமெடுக்க வந்த பிறகும் அவர் கவிதையை விடவில்லை. வங்காளத்தின் புத்ததேவ் தாஸ்குப்தாவும் கடைசிவரை இரண்டையும் செய்தவர்.

அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போக 20 முதல் 22 நிமிடம் மிஞ்சும். ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒரு எபிசோடு முடிக்க வேண்டும். சினிமாவில் ஒரு நாளில் 2, 3 நிமிடம் தேறினாலே நல்ல வேகம். அதனால் எல்லாக் காட்சியையும் செதுக்க நினைக்காதே. எபிசோடுக்கு ஒரு ஷாட் மட்டும் உன் மனதுக்குப் பிடித்தபடி இருக்கட்டும். அதை மதிய இடைவேளைக்கு முன்பே எடுத்துவிடு. மாலைக்குத் தள்ளினால், கால்ஷீட் முடிகிற அவசரத்தில் முதலில் அடிபடுவது அதுதான். ஒரே பக்கம் பார்க்கும் ஷாட்களைச் சேர்த்து எடு. கேமராவைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் லைட்டிங் மாற்ற நேரம் போகும்.

கவிஞர்கள் சறுக்குவது பெரும்பாலும் சீன் பேப்பரில், அதாவது காட்சியையும் வசனத்தையும் எழுதித் தரும் தாளில். "தனிமை அவளைத் தின்றது" என்று எழுதினால் ஒளிப்பதிவாளர் எதைப் படம்பிடிப்பார்? "இரண்டு தட்டு எடுக்கிறாள். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறாள்" என்று எழுது. நடிகைக்குக் கை வேலை கிடைக்கும், எடிட்டருக்கு வெட்டும் இடம் கிடைக்கும். வசனத்திலும் கவனம் தேவை. பெயர்களை மறைத்துப் படித்துப் பார். யார் பேசுவது என்று தெரியாவிட்டால் எல்லாரும் உன் குரலில்தான் பேசுகிறார்கள்.

கவிதையைப் பின்னணிக் குரலாக வைக்க ஆசை வரும். திரையில் மழை பெய்யும்போது குரலும் மழையைச் சொன்னால் இரண்டும் வீண். படம் காட்டாததைக் குரல் சொல்லட்டும். எடிட்டிங்குக்கு முன்பே நீயே வாசித்துப் பதிவு செய்து, அந்த நீளத்துக்கு ஷாட்டைத் திட்டமிடு. முடிந்த காட்சியில் கவிதையைத் திணித்தால் வாசிப்பு அவசரமாக ஓடும். சொல் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குள் இருக்கிறது. வயலினும் புல்லாங்குழலும் அங்கேயே வந்து மோதும். ஒலிகளைக் கலக்கும் மிக்ஸிங்கில் இசையை அந்த அதிர்வெண்களில் மட்டும் 3 டெசிபல் குறைக்கச் சொல்.

ஒப்பந்தத்தில் "தொடருக்காக எழுதிய அனைத்தும் தயாரிப்பாளருக்கே" என்ற வரி இருக்கலாம். கவிதையைத் திரைக்கதைக்குள் எழுதினால் அதுவும் கையைவிட்டுப் போகும். "கவிதைகளின் உரிமை எழுதியவருக்கே, இந்தத் தொடரில் பயன்படுத்த மட்டும் அனுமதி" என்று தனி ஷரத்து கேள். தர மறுத்தால் கவிதையைத் தொடருக்குள் கொண்டுபோகாதே. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம், அம்மா.

படப்பிடிப்பு நாட்களில் நீள்கவிதை நடக்காது, இரண்டு மூன்று வரி நடக்கும். ஈரானிய இயக்குநர் கியரோஸ்தமியின் கவிதைகள் பலவும் அவ்வளவுதான். அதற்கென்று தனி நோட்டு வை, ஷாட் குறிப்புகளோடு கலக்காதே. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்த நகலை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா