எந்த அம்பு அளந்தது, எது நிரப்பினது? சுடருக்குள்ள பிஐவி எடுக்கறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எரியிற சுடருக்குள்ள லேசர் விட்டு காத்தோட்டத்தையும் டர்புலன்ஸையும் (ஓட்டத்துல வர்ற கொந்தளிப்பு) அளக்கற ஆய்வுக் குழுக்களுக்குத்தான் இந்த மடல். பிஐவின்னா, ஓட்டத்துல தூள் தூவி, லேசர் வெளிச்சத்துல அடுத்தடுத்து ரெண்டு படம் எடுத்து, தூள் நகர்ந்த தூரத்த வெச்சு வேகம் கண்டுபிடிக்கிற முறை. நான் உங்க டேட்டாவ எடுத்து என் சிமுலேஷனோட ஒப்பிட்டுப் பாக்குற ஆளு, அதாவது உங்க உழைப்புல குளிர்காயற கூட்டம், அதனால கொஞ்சம் உரிமையோட கேக்குறேன். நீங்க போடுற வெக்டர் படத்துல ஒவ்வொரு அம்பும் ஒரு எடத்தோட வேகம், அதுல எந்த அம்பு நெஜமாவே அளந்தது, எந்த அம்பு அக்கம்பக்கத்து அம்புகள வெச்சு சாஃப்ட்வேர் நிரப்பினதுன்னு குறிச்சுக் குடுங்க. அவ்ளோதான்.

வெறும் காத்துல இது பெரிய விஷயமில்ல, சுடர்ல அப்படி விட முடியாது. எண்ணெய்த் துளி சுடர் முகத்துக்கு வந்ததுமே ஆவியாயிடும்னு டைட்டானியம் டையாக்சைடு, அலுமினா மாதிரி தூள் தூவுறீங்க, சரி. ஆனா 300 கெல்வின்ல வர்ற மீத்தேன்-காத்துக் கலவை எரிஞ்சு 2200 கிட்ட போறப்போ வாயு ஏழு மடங்கு விரிஞ்சிடுது, தூளும் அதோடயே கலைஞ்சு போகுது. எரியாத பக்கம் ஒரு அம்பு கணக்கு போடுற 32க்கு 32 பிக்சல் கட்டத்துல (விண்டோ) பத்து துகள் இருந்துச்சுன்னா எரிஞ்ச பக்கம் ஒண்ணோ ரெண்டோதான், அத வெச்சுகிட்டு கோரிலேஷன், அதான் ரெண்டு படத்துத் துகளையும் பொருத்திப் பாக்கறது, எப்படிங்க நிக்கும்? சரின்னு அள்ளித் தூவினா இந்தப் பக்கம் படமே வெள்ளையா போயிடுது, கண்ணாடியிலயும் படியுது.

இது போதாதுன்னு கேமரா ஒரு பக்கம் படுத்துது. ரெண்டு லேசர் துடிப்புக்கு நடுவுல 10 மைக்ரோசெகண்ட்னு வைங்க, வினாடிக்கு 30 மீட்டர்ல போற துகள் அதுக்குள்ள 0.3 மில்லிமீட்டர் நகரும், அருமையான கணக்கு. ஆனா இந்த டபுள் ஃப்ரேம் கேமராவுல மொதல் ஃப்ரேம படிச்சு முடிக்கிற வரைக்கும் ரெண்டாவது ஃப்ரேம் தொறந்தேதான் கெடக்கும், அவ்ளோ நேரமும் புகைக்கரி மஞ்சள் வெளிச்சம் அதுல ஏறிகிட்டே இருக்கும். 532 நானோமீட்டர் ஃபில்டர் போட்டாலும் கரி அதிகமான சுடர்ல மிச்சம் வரத்தான் செய்யுது, ஷட்டர் தனியா வெச்சீங்களா இல்லையான்னு பாதி பேப்பர்ல சொல்றதே இல்ல.

ஆக அம்பு செத்துப் போற எடம் எதுன்னா சுடர் முகத்த ஒட்டின எடம், எங்களுக்கு உயிர்நாடியும் அதே எடம்தான். அங்க நிரப்பின அம்பு வழவழன்னு அழகா இருக்கும், ஆனா அதுலேர்ந்து எடுத்த திரிபு வீதத்தையும் (எடத்துக்கு எடம் வேகம் மாறுற அளவு) டர்புலன்ஸ் ஆற்றலையும் நான் மாடலோட ஒப்பிட்டா, உங்க சாஃப்ட்வேர் நிரப்புற இன்டர்போலேஷன் ஃபார்முலாவோடதான் ஒப்பிட்டுகிட்டு இருக்கேன். மெதுவான, கொந்தளிப்பு இல்லாத லாமினார் சுடரா இருந்தா இன்னொரு வம்பு, வெப்ப வித்தியாசம் துகள சூட்டுலேர்ந்து குளிர்ச்சி பக்கமா தள்ளும், துகளோட வேகமும் வாயுவோட வேகமும் ஒண்ணா இருக்காது. வேகமான ஜெட்ல அது கண்ணுக்கே தெரியாது, அதனால அத விட்டுடலாம்.

இன்னொண்ணு, ஏற்ற இறக்கம் பத்தி. சுடர் முன்னும் பின்னும் ஆடுறப்போ ஒரே புள்ளியில ஒரு நேரம் எரியாத வாயு, ஒரு நேரம் எரிஞ்ச வாயு, ரெண்டுக்கும் வேற வேற வேகம். மொத்தமா ஆர்எம்எஸ் (ஏற்ற இறக்கத்தோட அளவு) எடுத்தா டர்புலன்ஸ் எக்கச்சக்கமா தெரியும், ரெண்டு பக்கத்தையும் பிரிச்சுப் பாத்தா அவ்ளோ இருக்காது. கூடவே ஓஎச் பிளிஃப் படம், அதாவது சுடர்ல உண்டாகுற ஓஎச்ச லேசரால ஒளிர வெச்சு எடுக்கற படம், எடுத்து சுடர் எங்க இருக்குன்னு தெரிஞ்சா பிரிச்சிடலாம், நிறைய பேர் எடுக்கவும் செய்யறீங்க, ஆனா பேப்பர்ல ஓரமா ஒரு படமா மட்டும் போட்டுட்டுப் போயிடுறீங்க. சராசரி எந்த வகைன்னும் சொல்லணும். எல்டிவியில, அதாவது லேசர் விட்டு ஒரு புள்ளிய தாண்டுற துகளோட வேகத்த ஒண்ணொண்ணா அளக்கற முறையில, துகள் வர்ற எண்ணிக்கையே அடர்த்திய பொறுத்தது, நாங்க சிமுலேஷன்ல எடுக்கறது ஃபாவ்ரே சராசரி (அடர்த்திய எடையா வெச்சு எடுக்கறது), பிஐவியில ஒவ்வொரு படத்துக்கும் ஒரே எடை. கலந்து ஒப்பிட்டா வித்தியாசத்துக்கு யார் மேல பழி போடறது?

இதெல்லாம் முடியாத காரியமில்ல. மாடல் சரி பாக்க எல்லாரும் எடுத்துக்கற சுடரான சாண்டியா ஃப்ளேம் டி-ய பாருங்க, 7.2 மில்லிமீட்டர் குழாய், ரெனால்ட்ஸ் எண் (கொந்தளிப்பு எவ்ளோன்னு காட்டற எண்) 22,400, வெப்பமும் கலவையும் அமெரிக்காவோட சாண்டியா ஆய்வகத்துல அளந்தது, வேகம் ஜெர்மனியில டார்ம்ஸ்டாட்ல எல்டிவி வெச்சு அளந்தது. 1996ல நேப்பிள்ஸ்ல தொடங்கின டிஎன்எஃப் பட்டறை (டர்புலன்ட் சுடர அளக்கறவங்களும் சிமுலேட் பண்றவங்களும் கூடுற கூட்டம்) வட்டாரத்துல இன்னிக்கும் அத வெச்சு மாடல் சரி பாக்குறாங்க, டேட்டாவோட விளக்கமும் சேர்ந்து வந்ததாலதான் அது நிலைச்சுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

உங்ககிட்ட கேக்கறது டேட்டா ஃபைல்ல ஒரே ஒரு நெடுவரிசை கூடுதலா, அளந்திருந்தா 1, நிரப்பினதுன்னா 0. சாஃப்ட்வேர் அத உள்ள ஏற்கனவே வெச்சிருக்கு, எக்ஸ்போர்ட் பண்றப்போ தூக்கிப் போடாம இருந்தா போதும். கூட கொஞ்சம் கேமராவுலேர்ந்து வந்த அப்படியே ரா படமும் போட்டீங்கன்னா தூள் எப்படி விழுந்திருக்குன்னு நாங்களே பாத்துக்குவோம்.